ஒன்பதாம் நம்பர் எங்கப்பா?

இந்தியா ஃபுட்பால் மேட்ச்ல தோத்தா, மறுநாள் காலேஜ் கேன்டீன்ல ஒரு பஞ்சாயத்து கண்டிப்பா உண்டு. 'அவனை ஏன் எடுத்தாங்க? இவனை ஏன் எடுக்கலை?' டீ ஆறுறதுக்குள்ள ஆளாளுக்கு ஒரு பிளேயிங் லெவனை பில்லுக்குப் பின்னாடி எழுதிக் காட்டுவாங்க. '140 கோடி பேர்ல 11 பேர் கிடைக்கலையா?'ங்கிற அந்த அரதப்பழசான டயலாக்கும் நடுவுல ஒரு தடவை வந்துட்டுப் போகும்.

2025-ம் வருஷம் இந்தப் பஞ்சாயத்துக்கு சரியான தீனி. 2023 ஜூலையில் ஃபிஃபா தரவரிசையில் 99-வது இடத்தில் இருந்த இந்தியா, 2025 நவம்பரில் 142-வது இடத்துக்கு இறங்கிப் போனது. நடுவில் ஹாங்காங்கிடம் 0-1. கோவாவில், நம்ம சொந்த மண்ணில், சிங்கப்பூரிடம் 1-2. அதோடு 2027 ஆசியக் கோப்பைக் கனவு காலி. போதாக்குறைக்கு நவம்பர் 18-ம் தேதி டாக்காவில் வங்கதேசத்திடமும் 0-1. வங்கதேசத்திடம் நாம் தோற்று 22 வருஷம் ஆச்சு பாஸ்!

அந்த வருஷத்தின் சூப்பர் ஹிட் சர்ச்சை சுனில் சேத்ரிதான். 2024 ஜூன் 6, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், குவைத்துடன் மேட்ச். 94 கோல் கணக்கோடு கண் கலங்க விடைபெற்றார் மனுஷன். ஒன்பதே மாசம். 2025 மார்ச்சில், 40 வயசில், கோச் மனோலோ மார்க்கேஸ் அவரைத் திரும்பக் கூப்பிட்டார். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக வந்ததும் ஒரு கோல். 'தல தலதான்'னு பாதிப் பேர் விசிலடிக்க, 'இளைஞர்களுக்கு வழி விடுங்கப்பா'ன்னு மீதிப் பேர் திட்டினாங்க.

திட்டினவங்க கொஞ்சம் மனோலோ சேர்ல உட்கார்ந்து பாருங்க. 2024-25 ஐஎஸ்எல் சீசனில் அதிக கோல் அடித்த இந்தியர் யார்? சேத்ரி. 14 கோல். ஃபார்ம்ல இருக்கிறவனை எடுன்னுதானே எல்லாரும் சொல்றோம்? ஃபார்ம்ல இருந்தது அந்த 40 வயசுக்காரர்தான். என்னைக் கேட்டா அவரை எடுத்தது தப்பே இல்ல. அவரைத் தவிர வேற ஆளில்லாம போச்சே, அதுதான் வயித்தைக் கலக்குற விஷயம்.

இன்னொரு கணக்கு. 2014-ல் ஐஎஸ்எல் ஆரம்பிச்சதிலிருந்து 2024-25 வரை மொத்தம் 11 சீசன். கோல்டன் பூட் வாங்கிய இந்தியர்கள் எத்தனை பேர்? முட்டை! எலானோவில் தொடங்கி மொராக்கோவின் அலாதீன் அஜராய் வரைக்கும் எல்லாமே வெளிநாட்டுக் கால்கள்.

எல்லாரும் விங்கர், யாரும் ஸ்ட்ரைக்கர் இல்ல!

'அப்போ வெளிநாட்டுக்காரங்களைக் குறைங்க'ன்னு உடனே சொல்லத் தோணும். குறைச்சுப் பார்த்துட்டாங்க. 2014-ல் களத்தில் ஆறு வெளிநாட்டுக்காரர்கள் ஆடலாம். 2017-18-ல் அது ஐந்தானது. 2021-22-ல் நாலானது. ஆனா அந்த நாலு பேரை கிளப்புகள் எங்கே நிறுத்தினாங்கன்னு பாருங்க. சென்டர் பேக்கில் ஒருத்தர், நடுக்களத்தில் ஒருத்தர், முன்னாடி கோல் அடிக்க ஒருத்தர்... டீமோட முதுகெலும்பு பூரா அவங்கதான். மிச்சமிருக்கும் ஓரங்களில் நம்ம பசங்க. கிளப் கோச்சையும் குறை சொல்ல முடியாது. வரிசையா அஞ்சு மேட்ச் தோத்தா அவர் பெட்டியைக் கட்டணும். 19 வயசுப் பையன் கோல் அடிக்கக் கத்துக்கிற வரைக்கும் அவரால காத்திருக்க முடியுமா?

மன்வீர் சிங்கையே எடுத்துக்குங்க. ஸ்ட்ரைக்கராக வந்தவர். மோகன் பகானில் வலது ஓரத்துக்குப் போனார். நேஷனல் டீம் கேம்ப் வந்தா மறுபடியும் நடுவுல வந்து ஸ்ட்ரைக்கரா நிக்கணும். வருஷம் பூரா பஸ் ஓட்டுறவரைக் கூப்பிட்டு, ரெண்டு வாரத்துக்கு மட்டும் ரயில் ஓட்டச் சொல்ற கதை!

நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர், 2023 டூரண்ட் கோப்பை டெர்பியில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக கோல் போட்டு கொல்கத்தாவின் பாதியைத் தூங்கவிடாமல் செய்தார். அவரும் விங்கர்தான். சிவகங்கை மாவட்டம் கண்டனூரிலிருந்து போன சிவசக்தி நாராயணன் அசல் ஃபார்வர்டு. 2022-23 ஐஎஸ்எல்லில் சிறந்த வளரும் வீரர் விருதும் வாங்கினார். ஆனா அவர் ஆடியது பெங்களூரு எஃப்சியில். முன்வரிசையில் ஒரு இடத்துக்கு சேத்ரியோடும் வெளிநாட்டு ஆட்களோடும் அவர் முட்டி மோதணும். சும்மாவா?

இதெல்லாம் போதாதுன்னு ஜோசியம் வேற! 2022 ஆசியக் கோப்பை தகுதிச் சுற்றின்போது, அப்போதைய கோச் இகோர் ஸ்டிமாச் பிளேயர்கள் பட்டியலை ஒரு ஜோசியரோடு பகிர்ந்துகொண்டார்னு 2023-ல் ஓர் ஆங்கில நாளிதழில் செய்தி வந்து நாறிப்போச்சு. கட்டம் போட்டுப் பார்த்தாலும் இல்லாத ஸ்ட்ரைக்கர் எங்கிருந்து வருவார் சாமி?

பதினாறு டீம், பதினைஞ்சு மேட்ச்

இனி நம்ம இன்ஜினீயரிங் மூளைக்கு வேலை. நாம ஸ்கூல்லயும் காலேஜ்லயும் ஆடுற ஃபுட்பால் டோர்னமென்ட் எல்லாமே பெரும்பாலும் நாக்-அவுட்தானே? 16 டீம் வந்தா மொத்தம் 15 மேட்ச். அதுல எட்டு டீம் ஒரே ஒரு மேட்ச் ஆடிட்டு, பிரியாணியைச் சாப்பிட்டுட்டு பஸ் ஏறிடும். அதே 16 டீமை லீக்கா ஆட விட்டா 120 மேட்ச். ஒவ்வொரு பையனுக்கும் 15 மேட்ச் கிடைக்கும். முதல் மேட்ச்ல மிஸ் பண்ண கோலை ரெண்டாவது மேட்ச்ல சரி பண்ணலாம். ஸ்ட்ரைக்கர் உருவாகிறது அப்படித்தான். கோல் முன்னாடி நின்னு தப்பு பண்ணணும், மறுவாரமும் அதே இடத்துல நிக்கணும். நாக்-அவுட்ல தப்பு பண்ணா அடுத்த வருஷம்தான் வாய்ப்பு.

செலக்‌ஷன் டிரையல்ஸும் கிட்டத்தட்ட இதே கூத்துதான். பொட்டல் வெயில்ல 200 பசங்க. ஆளுக்கு இருபது நிமிஷம் கிடைச்சா அதிர்ஷ்டம். இருபது நிமிஷத்துல என்ன தெரியும்? யார் உயரம், யார் வேகம், யார் உடம்பு. 13 வயசுல ஜனவரியில பிறந்தவனுக்கும் டிசம்பர்ல பிறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்ச்சி வித்தியாசம். பெரியவன் உள்ளே, சின்னவன் வெளியே. உலகம் பூரா ஜூனியர் டீம்களில் வருஷத்தின் முதல் மூணு மாசத்தில் பிறந்தவங்க அதிகமா இருக்கிறது இதனாலதான். நம்ம ஊர்ல இதோட பர்த் சர்ட்டிஃபிகேட் விளையாட்டும் சேர்ந்துக்கும். வயசைக் குறைச்சுக் காட்டி 14-ல ஹீரோவானவன், 18-ல மத்தவங்க வளர்ந்து வந்ததும் காணாமப் போறான். அவனால வெளியே போன குட்டிப் பையன் அதுக்குள்ள ஜேஇஇ கோச்சிங்ல உட்கார்ந்திருப்பான். அப்படி ஒருத்தன் என் ஹாஸ்டல் ரூம்லயே இருக்கான். இப்பவும் ரெண்டு கால்லயும் பாஸ் போடுவான் சார்!

உருப்படியா ஒண்ணு நடந்துச்சு, அதையும் சொல்லிடணும். 2010-ல் ஜூனியர் பசங்களுக்காகவே ஒரு டீமை உருவாக்கி ஐ-லீக்கில் ஆட விட்டாங்க. ஜெயிக்கிறதைவிட ஆடுறதுதான் முக்கியம்னு வந்த டீம் அது. இந்தியன் ஆரோஸ்னு பேர். ஜேஜே அங்கே ஆடியவர்தான். 2013-ல் இழுத்து மூடினாங்க. 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நம்ம நாட்டில் நடந்தது. அதில் கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டிய கோல்தான் ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியாவின் முதல் கோல். (அப்போ எனக்கு 11 வயசு. தெருவே கத்தின மாதிரி ஞாபகம். உண்மையில எங்க வீடு மட்டும்தான் கத்துச்சு.) அந்தப் பசங்களுக்காக ஆரோஸை மறுபடியும் திறந்தாங்க. ஜீக்சன், சுரேஷ் சிங், அன்வர் அலின்னு சீனியர் டீமுக்கே ஆள் வந்தது. 2022-ல் மறுபடியும் மூடிட்டாங்க. விளையுற மரத்தை ரெண்டு தடவை வெட்டின மாதிரி!

பாஸ்போர்ட் போதுமா?

இப்போதைய ஹாட் டாபிக், வெளிநாட்டு வாழ் இந்தியர்களைச் சேர்க்கலாமா என்பது. இந்திய பாஸ்போர்ட் இருந்தால்தான் இந்தியாவுக்கு ஆட முடியும் என்பது 2008-லிருந்து அரசின் விதி. ஓசிஐ கார்டு செல்லாது. பக்கத்து நாட்டில் கதை வேற. இங்கிலாந்தில் வளர்ந்த ஹம்ஸா சௌத்ரி 2025 மார்ச்சில் வங்கதேசத்துக்காக இறங்கினார். அவரோட முதல் மேட்ச்சே நமக்கு எதிராகத்தான்; 0-0. அதே வருஷம் நவம்பரில் ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுட்டு இந்திய பாஸ்போர்ட் வாங்கினார்.

நான் இதுக்கு எதிரி இல்ல. வரட்டும். ஆனா 2019 கிங்ஸ் கோப்பையில் நம்மை 3-1-னு ஜெயிச்ச குராசாவ் ஞாபகம் இருக்கா? மக்கள்தொகை ஒன்றரை லட்சம்தான் இருக்கும். 2025 நவம்பரில் அவங்க உலகக் கோப்பைக்கே தகுதி பெற்றுட்டாங்க! அந்த டீமில் பெரும்பாலானவங்க நெதர்லாந்தில் பிறந்து, அந்த நாட்டு அகாடமிகளில் பழகினவங்க. அதாவது, யாரோ ஒரு நாடு அவங்களுக்கு 10 வயசிலிருந்து வாராவாரம் மேட்ச் ஆடக் கொடுத்திருக்கு. பாஸ்போர்ட்டை மாத்தினா அந்தப் பயிற்சியை இரவல் வாங்கலாம், அவ்வளவுதான்.

நாம பார்க்க வேண்டிய டீம் உஸ்பெகிஸ்தான். 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் நமக்கு மூணு கோல் போட்டாங்களே, அவங்கதான். 2023-ல் 20 வயதுக்குட்பட்டோர் ஆசிய சாம்பியன். 2025-ல் 17 வயதுக்குட்பட்டோர் ஆசிய சாம்பியன். அதே 2025 ஜூனில் முதல் முறையாக சீனியர் உலகக் கோப்பைக்குத் தகுதி. படிப்படியா வந்திருக்காங்க. அந்த ஊர் அப்துகோதிர் குசனோவ், 20 வயசில் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். அதே 20 வயசில் நான் ரெக்கார்டு நோட்டுக்கு சைன் வாங்க லேப் வாசலில் நின்னுட்டிருக்கேன். சரி, விடுங்க.

நம்ம பொண்ணுங்க மட்டும் வேற ரூட்டில் போறாங்க. 2025 ஜூலையில் தாய்லாந்தை அவங்க ஊரிலேயே 2-1-னு சாய்ச்சு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றாங்க. சங்கீதா பஸ்ஃபோர் ரெண்டு கோல். ஆண்கள் டீமைப் பத்தி பேசுற நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட நாம இவங்களுக்குக் கொடுக்கிறதில்ல. கேன்டீன்ல இந்த டீமோட லெவனைச் சொல்லச் சொன்னா நாலு பேரைத் தாண்டி யாரும் வரலை, நான் உட்பட.

எங்க காலேஜ்ல எட்டு டிபார்ட்மென்ட். இன்டர்-டிபார்ட்மென்ட் ஃபுட்பால் எப்பவும் நாக்-அவுட்தான், ஏழே மேட்ச். இந்த தடவை லீக்கா நடத்துங்கன்னு பி.டி. சார்கிட்ட கேட்டிருக்கோம். 28 மேட்ச் வரும். கிரிக்கெட் டீம் பிராக்டீஸ் போக சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் கிரவுண்டு தருவேன்னு சொல்லியிருக்கார். ஒரு நாளைக்கு ஒரு மேட்ச், ஞாயிறு லீவு. கணக்குப் போட்டுப் பார்த்தாச்சு. மாடல் எக்ஸாமுக்கு நாலு நாள் முன்னாடி முடிஞ்சிடும்.