தறியை விட்ட கைக்கு ஒரு தூரிகை

பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் நெசவாளர்கள் எம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, “மறுபடியும் தறியில் உட்கார முடியுமா?” என்பதே. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் இணைக்கும் கோர்வை நெசவுக்கு, இழை பிசகாத கை வேண்டும். அந்தக் கை எல்லோருக்கும் முழுமையாகத் திரும்புவதில்லை. ஆனால் கை திரும்பாவிடினும் நிறமறியும் கண் பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது. அதனைப் பயன்படுத்த ஒரு வழியைக் கூற விரும்புகிறேன்: எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சி தீட்டுதல்.

வெளிப்பாட்டு ஓவியப் பாணி, கண்ட காட்சியை அப்படியே பிரதி எடுப்பதன்று. அது மனத்தில் எழுப்பிய உணர்வை நிறத்தாலும் வீச்சாலும் காட்டுவது. 1905-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ‘பாலம்’ என்னும் பெயரில் கூடிய இளைஞர்கள் இதனை இயக்கமாக வளர்த்தனர். அவர்களுக்கு முன்னோடியான வான்கோ, ‘விண்மீன் இரவு’ ஓவியத்தை 1889-இல் மனநலக் காப்பகத்தில் சிகிச்சை பெற்றுவந்த நாள்களில் வரைந்தார். நம் மாநிலத்தில் கீரனூரில் பிறந்த கே.எம். ஆதிமூலம் (1938–2008), கோட்டோவியங்களால் புகழ்பெற்றபின், உருவங்களை விடுத்து, நிலமும் வெளியும் தந்த உணர்வை எண்ணெய் வண்ணப் பரப்புகளாக்கினார்.

இப்பாணியில் நடுங்கும் கோடு பிழையாகாது. வறண்ட பாலாற்று மணல் கண்ணுக்குப் பழுப்பே. 2021 நவம்பர் வெள்ளத்தை நினைப்பவர் அதனை நீலமாகத் தீட்டலாம். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை ஏன் எடுக்கும் என்பதை அறிந்தவருக்கு, எதிரெதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்பதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

எண்ணெய் வண்ணம் நீர்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சில நாள்களில் மெல்ல இறுகுகிறது. ஆகவே மெதுவாக இயங்கும் கைக்கு அவகாசம் கிடைக்கிறது. பிடிக்காத இடத்தை வழித்தெடுத்து மீண்டும் தீட்டலாம். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், பழுப்பு ஆகிய ஐந்து நிறங்கள் தொடக்கத்திற்குப் போதும். முதலில் வானம், நிலம், நீர் என மூன்று பெரும் பரப்புகளை மெல்லிதாக நிரப்புங்கள். மேல்பூச்சில் எண்ணெய் கூடுதலாக இருக்கட்டும். மாறினால் பின்னாளில் வெடிப்பு விழும். பிடி தளர்ந்தவர்கள் தூரிகைக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளலாம். முழங்கையை மேசையில் தாங்கி, இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை ஓய்வெடுங்கள்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலர், இடப்புறத்தில் இருப்பதையே உணர்வதில்லை. ஓவியத்தின் இடப்பாதி தொடர்ந்து வெறுமையாக இருந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்; அவர் சாலையைக் கடக்கும்போதும் அதே ஆபத்து உண்டு. டர்பன்டைன் ஆவி ஆஸ்துமாவைத் தூண்டக்கூடும். அதனைத் தவிர்த்து, தூரிகையைச் சமையல் எண்ணெயால் துடைத்துச் சோப்பு நீரில் கழுவலாம். ஈயம், கேட்மியம் கலந்த வண்ணங்களை வாங்காதீர்கள். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குவித்துவைத்தால், தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் இடுங்கள்.

ஓவியம் மருந்தன்று. மாத்திரையையும் இயன்முறைப் பயிற்சியையும் அதற்காக நிறுத்தலாகாது. தறியில் ஈட்டிய வருமானத்தையும் அது திருப்பித் தராது. எனினும், “இனி நான் எதற்கும் பயன்படமாட்டேன்” என்று ஒடுங்கியிருப்பவர், நாளைக்கு எந்த நிறம் வைக்கலாம் என்று எண்ணத் தொடங்குவது சிறிய மாற்றமன்று. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, வரைந்ததையும் உடன் கொண்டுவாருங்கள்.