பல்கலைக்கழக நாட்காட்டியும் நம் கடைச் சரக்கும்

சிதம்பரத்தில் மளிகை வியாபாரம் செய்கிறவர்களுக்கு இரண்டு பஞ்சாங்கங்கள் வேண்டும். ஒன்று நடராஜர் கோயிலுக்கு உரியது. ஆனித் திருமஞ்சனம் எந்த நாள், மார்கழித் திருவாதிரைத் தேர் எந்த நாள், மகா சிவராத்திரியை ஒட்டி 1981 முதல் நடந்துவரும் நாட்டியாஞ்சலி எந்த வாரம் என்பதெல்லாம் வருடத் தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். கற்பூரம், நல்லெண்ணெய், தண்ணீர் பாட்டில் என்று அதற்கேற்பச் சரக்கு இறக்கிவிடுகிறோம். மற்றொன்று ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு உரியது. விடுதி திறப்பு, பருவத் தேர்வு, விடுமுறை, பட்டமளிப்பு விழா என்று அங்கே நடப்பவற்றுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. வருடம் முழுவதும் நம் கல்லாவை நிரப்புவதில் இதற்குப் பெரும் பங்கு இருந்தும், நம் கடைச் சுவரில் இது தொங்குவதில்லை. அங்கே என்ன நடக்கப்போகிறது என்பதை, டீ குடிக்க வரும் மாணவர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். பல சமயம் அவர் ஊருக்குக் கிளம்புகிற அன்றுதான் சொல்வார்.

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-ல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அது வளர்ந்து 1929-ல் பல்கலைக்கழகம் ஆயிற்று. மற்றப் பல்கலைக்கழகங்களைப் போல ஊர் ஊராகக் கல்லூரிகளை இணைத்து நடத்துவதாக இல்லாமல், மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாகவே அது அமைந்தது. வியாபாரிக்கு இந்த ஒரு விஷயம்தான் முக்கியம். வீட்டிலிருந்து வந்து போகும் மாணவன் ஒரு பேனாவோடு சரி. விடுதியில் தங்கும் மாணவனுக்குச் சோப்பு, பற்பசை, எண்ணெய், கொசுவர்த்தி எல்லாமே கடையிலிருந்துதான்.

கல்வியாண்டு தொடங்கும்போது நம்மில் பலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜூன் பிறந்தவுடன் பக்கெட், குவளை, பூட்டு, கொடிக்கயிறு, பாய், தலையணை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கிக் குவித்துவிடுகிறோம். ஆனால் முதலில் திரும்பி வருகிறவர்கள் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள். அவர்களிடம் பக்கெட் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது துணி சோப்பும் பிஸ்கட்டும் நூடுல்ஸும். முதலாண்டு மாணவர்கள் சேர்க்கை முடிந்த பிறகே வருவார்கள், அதுவும் துறைக்குத் துறை வேறு வேறு நாளில். கலை அறிவியல் ஒரு சமயம், வேளாண்மை ஒரு சமயம், பொறியியல் ஒரு சமயம். மருத்துவம் நீட் தேர்வும் கலந்தாய்வும் முடிந்து கடைசியில். ஆகவே பக்கெட் வியாபாரம் ஒரே வாரத்தில் முடிவதில்லை. சில மாதங்களுக்குச் சிறிது சிறிதாக நடப்பது. ஜூனில் மொத்தப் பணத்தையும் அதில் போட்டவர், ஆகஸ்டில் சோப்பு வாங்க முதல் இல்லாமல் நிற்பார்.

முதலாண்டு மாணவரோடு பெற்றோரும் வருவதை மறந்துவிடக் கூடாது. அன்று கடையில் நிற்பவர் மாணவர் அல்ல, அவருடைய தாயார். விலையை இரண்டு கடையில் கேட்டுவிட்டு வந்திருப்பார். பையன் எதை மறப்பான் என்று அவருக்குத் தெரியும். நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். நகவெட்டி, ஊசி நூல், மெழுகுவர்த்தி, துணி மாட்டும் கிளிப்பு, சின்ன டார்ச் ஆகியவற்றை ஒரே தட்டில் வைத்து எடுத்துக் காட்டினால், 'அட, இதை மறந்தேனே' என்று அவரே வாங்கிக்கொள்வார். அந்த ஒரு நாள் நயமாக நடந்துகொண்டால், நான்கு வருடம் அந்தப் பிள்ளை நம் கடைக்குத்தான் வரும். 'அம்மா அந்தக் கடையில வாங்கச் சொன்னாங்க' என்று சொல்லி வரும் பிள்ளைகளை நாம் நிறையவே கண்டிருக்கிறோம்.

அதன்பின் அந்தப் பிள்ளை வாங்குவது எல்லாம் சாஷேயில்தான். சாஷே ஷாம்புவுக்கு வழிகாட்டியவர் நம் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பதையும், அவருடைய மகன் ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்புவைத் தொடங்கி அதை மூலைமுடுக்குக் கடைகளுக்கெல்லாம் கொண்டு சென்றார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்வதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. விடுதி மாணவருக்கு மாதக் கடைசியில் கையில் இருக்கும் காசு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் ஷாம்பு. பெரிய பாட்டிலில் லாபம் அதிகம் என்று சாஷே சரத்தை உள்ளே மறைத்துவைக்கும் கடைக்காரர் கணக்குத் தெரியாதவர்.

தேர்வுக் காலம் வேறு மாதிரி. நவம்பர், டிசம்பரில் ஒன்றும் ஏப்ரல், மே மாதங்களில் ஒன்றுமாகப் பருவத் தேர்வுகள் வரும். எழுத்துத் தேர்வுக்கு முன்பே செய்முறைத் தேர்வு வந்துவிடும். ரெக்கார்டு நோட்டு, கிராப் தாள், ஸ்கெட்ச் பேனா எல்லாம் அப்போதுதான் போகும். எழுத்துத் தேர்வு தொடங்கிய பிறகு கொண்டுவந்து அடுக்கினால் அடுத்த பருவம் வரை தூசு தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எழுத்துத் தேர்வின்போது இரவு நேர வியாபாரம் சூடுபிடிக்கும். பால் பவுடர், காப்பித்தூள் சாஷே, குளுக்கோஸ், பிஸ்கட், வாழைப்பழம் இவற்றுக்கு இரவு பத்து மணிக்கும் ஆள் வரும்.

கடனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாணவருக்குப் பற்று எழுதுவதே தவறு என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். நாம் அதை ஏற்கவில்லை. வீட்டிலிருந்து பணம் வர நான்கு நாள் தாமதமாகிறது என்பதற்காக ஒரு பிள்ளையைச் சோப்பு இல்லாமல் திருப்பி அனுப்ப நமக்கு மனம் வராது. வியாபாரத்துக்கும் அது நல்லதல்ல. ஆனால் நோட்டை என்றைக்கு மூடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். கடைசித் தேர்வு நாளன்று வசூலிக்கலாம் என்று காத்திருப்பவர் ஏமாந்துபோவார். இறுதியாண்டு மாணவருக்குக் கடைசி எழுத்துத் தேர்வுக்குப் பிறகும் ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு என்று இருக்கும். சிலருக்கு எல்லாமே முன்கூட்டி முடிந்துவிடும். ஒருவர் இருப்பார், அவரோடு ஒரே அறையில் இருந்தவர் ஒரு வாரம் முன்பே ஊருக்குப் போயிருப்பார். தேர்வு அட்டவணை வெளியான அன்றே நோட்டை எடுத்து, துறை வாரியாகப் பெயர்களைப் பிரித்து, முதல் தேர்வுக்கு முன்பே கணக்கை முடித்துக்கொள்வதுதான் வழி. கைபேசியில் பணம் அனுப்பும் வசதி வந்த பிறகு இது சுலபமாகியிருக்கிறது. ஊரிலிருந்து தந்தையாரே அனுப்பிவிடுகிறார்.

பட்டமளிப்பு விழாவைப் பற்றி நம் வட்டாரத்தில் பெரிய எதிர்பார்ப்பு உண்டு. உண்மையைச் சொன்னால் அது லாட்ஜுக்கும் ஓட்டலுக்கும் பூக்கடைக்கும் இனிப்புக் கடைக்கும் உரிய விழா. மளிகைக் கடைக்குத் தண்ணீர் பாட்டிலும் குளிர்பானமும் சற்றுக் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அதற்காக விசேஷமாகச் சரக்கு எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் எந்த நாட்காட்டியிலும் அச்சாகாத ஒரு செய்தி உண்டு. 'காலவரையின்றி மூடப்படுகிறது' என்பதே அது. பழைய கடைக்காரர்கள் இந்த வார்த்தைகளைக் கேட்டாலே திடுக்கிடுவார்கள். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து மாணவர் இராசேந்திரன் உயிரிழந்த நாட்களைப் பற்றி அவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். இத்தகைய அறிவிப்பு வந்த சில மணி நேரத்தில் விடுதிகள் காலியாகிவிடும். பெட்டியும் படுக்கையுமாகப் பாலத்தில் கூட்டம் போகும். மறுநாள் காலையில் கடை திறந்தால் ஆள் நடமாட்டமே இருக்காது.

2020 மார்ச்சில் நமக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிது. ஏப்ரல் தேர்வை எண்ணி, மாதத் தொடக்கத்திலேயே பிஸ்கட், நூடுல்ஸ், பால் பவுடர், ரெக்கார்டு நோட்டு என்று நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சரக்கு இறக்கியிருந்தோம். மார்ச் 17 முதல் கல்லூரிகளுக்கு விடுமுறை என்று அரசு அறிவித்தபோது, இரண்டு வாரம்தானே என்று நினைத்தோம். 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. இறுதியாண்டு மாணவர்கள் டிசம்பர் 7-க்குப் பிறகே திரும்பினார்கள். அதற்குள் பிஸ்கட்டின் கெடு தேதி முடிந்துபோயிற்று. ஏஜென்சியில் கேட்டதற்கு, கெடு முடிவதற்கு முன்பே சொல்லியிருந்தால் மாற்றித் தந்திருப்போம் என்றார்கள். ஊரடங்கில் யாரிடம் போய்ச் சொல்வது? 2021-ல் இரண்டாம் அலை வந்து மறுபடியும் மூடினார்கள். செப்டம்பர் 1-ஆம் தேதிதான் கல்லூரிகள் திறந்தன. கடன் நோட்டில் இருபத்துமூன்று பெயர்கள் அப்படியே நின்றன. அவர்களில் ஒரு மாணவி, ஒன்றரை ஆண்டு கழித்துச் சான்றிதழ் வாங்க வந்தபோது, கடைக்கு வந்து முந்நூற்று நாற்பது ரூபாயை எண்ணி வைத்தார். தொகையை நாம் மறந்திருந்தோம். அவர் குறித்து வைத்திருந்தார்.

மாணவர் செய்தி மட்டும் போதாது, ஊழியர் செய்தியும் வேண்டும் என்பதை அதற்கு முன்பே நாம் கற்றிருக்க வேண்டும். 2012 இறுதியில் பல்கலைக்கழகத்தில் நிதி நெருக்கடி முற்றி, ஊழியர் போராட்டம் எழுந்தது. 2013-ல் தனிச் சட்டம் இயற்றி அரசே பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொண்டது. பிறகு, தேவைக்கு மேல் இருந்த ஆயிரக்கணக்கான ஊழியர்கள் தமிழகம் முழுவதும் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பணி நிரவல் செய்யப்பட்டார்கள். செய்தித்தாளில் இதைப் படித்தோம்; ஆனால் கடையோடு சேர்த்து யோசிக்கவில்லை. மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் என்று மாதம் ஒரு பட்டியல் எழுதி வரும். அவர் மாற்றலாகிப் போனால் அந்தப் பட்டியலும் போய்விடும். எத்தனையோ கடைகளில் 'மாதக் கணக்கு' நோட்டு மெலிந்துபோனது இப்படித்தான். மாணவர் விடுமுறை முடிந்து திரும்பி வருவார். மாற்றலான குடும்பம் வருவதில்லை. அந்த மாற்ற ஆணைகள் வரத் தொடங்கியபோதே மூட்டைச் சரக்கைக் குறைத்து, சில்லறைச் சரக்கைக் கூட்டிய கடைக்காரர்கள் தப்பித்தார்கள்.

பல்கலைக்கழகத்தை ஒட்டிக் கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் சிகரெட் முதலிய புகையிலைப் பொருள்களை விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். கல்வியாண்டு தொடங்கும் சமயத்தில் சோதனைக்கு வருவார்கள் என்று காத்திராமல், வைத்திருப்பவர்கள் இப்போதே எடுத்துவிடுவது நல்லது.

நாம் சொல்வது சிதம்பரத்துக் கதைதான் என்றாலும், காரைக்குடியிலும் திருச்சியிலும் கோவையிலும் பல்கலைக்கழக வாசலில் கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கும் இதே நிலைதான். அந்தந்த ஊர்ச் சங்கமே இதைச் செய்யலாம். ஒரு உறுப்பினர் பொறுப்பேற்று, கல்வியாண்டு நாட்காட்டி, தேர்வு அட்டவணை, விடுதி திறக்கும் நாள், மூடும் நாள் ஆகியவற்றைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டு வாங்கி, ஒரே தாளில் அச்சிட்டு எல்லாக் கடைக்கும் கொடுத்துவிடலாம். இவை ஒன்றும் ரகசியமில்லை. மாணவர்களுக்காக அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதுதான். நாம்தான் போய்க் கேட்டதில்லை. மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு பிரதி கொடுத்தால், தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே சரக்கு வந்து சேரும். கெடு தேதி நெருங்கிய சரக்கை விடுமுறைக்கு முன் மாற்றிக் கேட்கவும் நமக்கு வாய் இருக்கும்.

இன்னொரு நாளையும் அந்தத் தாளில் இப்போதே குறித்துவைக்கலாம். 2029-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு நூறு வயது நிறைகிறது. விழா எப்படி நடந்தாலும், பழைய மாணவர்கள் பலர் குடும்பத்தோடு ஊருக்கு வருவார்கள் என்று எதிர்பார்க்கலாம். தாம் தங்கியிருந்த விடுதி அறையைப் பார்த்த கையோடு, பற்று எழுதி வாங்கிய கடை இன்னும் இருக்கிறதா என்றும் தேடிவருவார்கள். பழைய கடன் நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாமல் வைத்திருக்கும் உறுப்பினர்கள் சங்க அலுவலகத்துக்குத் தெரிவித்தால், அவற்றை ஒன்றுசேர்த்து வைக்க ஏற்பாடு செய்யலாம். நம்மிடம் 1988 முதல் உள்ளவை இருக்கின்றன. முதல் ஐந்து பக்கங்களை மட்டும் கரையான் அரித்துவிட்டது.