தலைவிதி அல்ல, தண்ணீர்!

பல்லிலே பழுப்புக் கறை. பார்ப்போர், "பல் துலக்காத பிள்ளை" என்று பழிக்கின்றனர். துலக்கியும் போகாததைக் கண்ட பெற்றோர், "தலைவிதி" என்கின்றனர். இரண்டுமே பொய் என்று அறிவியல் மெய்ப்பித்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன!

1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குச் சென்ற பல் மருத்துவர் பிரெடரிக் மெக்கே, அவ்வூராரின் பற்களிலே இக்கறையைக் கண்டார். விதி என்று கைகட்டி நின்றாரில்லை, வினவினார், ஆராய்ந்தார். 1931-இல் விடை கிடைத்தது: குடிநீரிலே மிகுந்திருந்த புளோரைடு! அளவோடு இருந்தால் அது பல்லைக் காக்கும், மிஞ்சினால் கெடுக்கும். எலும்பையும் அது முடக்குவதை, 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியிலே மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர்.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் இத்துயரை நெடுங்காலம் சுமந்தவை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் அங்கே காவிரி நீர் வந்தது, வரவேற்கிறோம். ஆனால், குழாய் வறண்ட நாளிலே ஏழை எங்கே போவான்? ஆழ்துளைக் கிணற்றுக்குத்தானே!

சிரிக்கும்போது தெரியும் நிலைப்பற்களின் எனாமல், ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அதற்குள் ஏறிய கறையை எந்தப் பற்பொடியும் போக்காது. ஆகவே கேட்கிறோம்: ஒவ்வொரு சிற்றூரின் கிணற்று நீரையும் சோதியுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருந்தால், "குடிக்காதீர்" என்று எழுதி வையுங்கள். மாற்று நீர் தாருங்கள்.

கோப்பு காத்திருக்கலாம், குழந்தையின் பல் காத்திருக்காது!