நைஜர் சிப்பாய்களும் அந்நிய முதலும்

2023-ம் வருஷம் ஜூலை 26-ந் தேதி நைஜர் தேசத்தின் தலைநகரான நியாமேயில், ஜனாதிபதியைக் காப்பதற்கென்று சம்பளம் வாங்கிய படையே அவரைச் சிறை வைத்தது. பிரஜைகளின் வாக்கினால் பதவிக்கு வந்த முகம்மது பஸூம் தம் மாளிகையிலேயே கைதியானார். மெய்காப்பாளர் படைக்குத் தலைவராயிருந்த ஜெனரல் அப்துரஹமான் தியானி, இரண்டு நாள் கழித்துத் தாமே நாட்டின் தலைவரென்று டெலிவிஷனில் தோன்றிச் சொன்னார். வேலி பயிரை மேய்ந்தது.

எங்கோ ஒரு பாலைவன நாட்டில் நடந்த கலகத்தைப் பற்றி நமக்கென்ன என்று கேட்போர் இருக்கலாம். ஜூலை 30-ந் தேதி பிரெஞ்சு ஸ்தானிகராலயத்தின் வாசலில் கூடிய ஜனத்திரள், பிரான்ஸ் வெளியேற வேண்டுமென்று முழங்கிற்று. வாசற் பலகையைப் பிடுங்கி மிதித்தது. அந்நியனே வெளியேறு என்ற கோஷம் எந்தப் பாஷையில் எழுந்தாலும், அதைக் கேட்ட மாத்திரத்தில் நம் நாட்டுத் தேசபக்தன் உள்ளம் துள்ளாதிராது. துள்ளுவதில் குற்றமில்லை. ஆனால் கோஷமிடுகிறவனுக்குத் தலைமை தாங்குகிறவன் கையில் இருப்பது வாக்குச்சீட்டா துப்பாக்கியா என்று பார்ப்பதும் தேசபக்தியைச் சேர்ந்ததே. நைஜர் விஷயத்தில் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு.

நைஜர் வேறு, அதன் தெற்கே உள்ள நைஜீரியா வேறு. பெயர் ஒற்றுமையால் பத்திரிகை படிப்போரிற் பலர் மயங்குகிறார்கள். நைஜர் பிரான்ஸின் ஆதீனத்திலிருந்து 1960 ஆகஸ்டு 3-ந் தேதி விடுபட்ட நாடு. கடற்கரை கிடையாது, சுற்றிலும் ஏழு நாடுகள். வடக்கே பாலைவனத்தின் நடுவே ஆர்லிட் என்ற ஊரில், பிரெஞ்சுக் கம்பெனி 1971 முதல் யுரேனியம் தோண்டி வந்தது. 2022-ம் வருஷம் ஐரோப்பிய யூனியனின் நாடுகள் வாங்கிய யுரேனியத்தில் ஏறக்குறைய கால் பங்கு இந்த நைஜரிலிருந்து போயிற்று. அந்த உலோகத்தால் ஐரோப்பாவில் விளக்கெரிந்தது. நைஜரிலோ ஐந்தில் ஒரு பங்கு ஜனங்களுக்குத்தான் மின்சாரம் உண்டு. அந்த மின்சாரத்திலும் 70 சதவீதம் போல நைஜீரியாவிலிருந்து கம்பி வழியாக வந்தது. ஆர்லிட்டுக்கு அருகே 2021-ல் மூடப்பட்ட கோமினாக் சுரங்கம் 2 கோடி டன் கழிவை மலைபோல் விட்டுப் போயிருக்கிறது. இக்கணக்கைப் பார்த்த எந்த நைஜர் வாலிபனுக்குத்தான் இரத்தம் கொதிக்காது?

இந்தக் கொதிப்பு தியானி உண்டாக்கியதன்று. முதல் ஜனாதிபதியான ஹமானி தியோரி, 1974-ல் யுரேனியத்துக்கு அதிக விலை கேட்டுப் பிரான்ஸுடன் வழக்காடிக் கொண்டிருந்தார். பேச்சு முடியுமுன் ஏப்ரல் 15-ந் தேதி ராணுவம் அவரைக் கவிழ்த்தது. பஞ்சமும் ஊழலுமே காரணமென்று ராணுவத்தார் சொன்னார்கள், அவை பொய்யுமல்ல. ஆயினும் நியாமேயில் இருந்த பிரெஞ்சுப் படை அன்று தன் பாசறையை விட்டு அசையவில்லை என்பதையும் நைஜர் ஜனங்கள் மறக்கவில்லை. பின்னர் 1996, 1999, 2010 என்று மூன்று தடவை சிப்பாய்கள் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். இவ்வளவுக்கும் இடையில், வாக்கினால் வந்த ஒரு சர்க்கார்தான் 2014-ல் பிரெஞ்சுக் கம்பெனியை வருஷக்கணக்காக வழக்காடி 2006-ம் வருஷத்துச் சுரங்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட ஒப்புக்கொள்ளச் செய்தது. கிடைத்தது போதாது, மெதுவாகவும் கிடைத்தது. ஆனால் அந்தப் பேரத்தைப் பற்றிச் சட்டசபையிலும் தெருவிலும் வாய்திறந்து கேள்வி கேட்க அன்று ஆளிருந்தது. 2021 ஏப்ரலில் ஒரு ஜனாதிபதி பதவி முடிந்து இறங்க, தேர்ந்தெடுக்கப்பட்ட மற்றொருவர் ஏறினார். சுதந்திரம் வந்து அறுபது வருஷங்களில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. ஏறியவர்தான் பஸூம்.

இனி அண்டை நாடுகளின் காரியத்தைப் பார்ப்போம். மேற்கு ஆப்பிரிக்காவில் பதினைந்து நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பு ஒன்று 1975 முதல் இருந்தது. எகோவாஸ் என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். கலகம் நடந்தபோது நைஜீரியாவின் ஜனாதிபதி போலா டினுபு அதன் தலைவர். ஜூலை 30-ந் தேதி அபூஜாவில் கூடிய அச்சபை ஒரு வாரக் கெடு விதித்தது: பஸூமை மறுபடி பதவியில் வைக்காவிட்டால் பலாத்காரமும் பிரயோகிக்கப்படலாம். எல்லைகள் அடைக்கப்பட்டன. பொது மத்திய பாங்கியில் இருந்த நைஜர் பணம் முடக்கப்பட்டது. நைஜீரியா மின்சாரக் கம்பியைத் துண்டித்தது. பெனின் தேசத்து எல்லையில் நைஜர் நதிப் பாலத்தின் முன் லாரிகள் மைல் கணக்கில் வரிசையாய் நின்றன.

இதன் பலன் என்ன? தியானிக்கு அரிசி விலை உறைக்காது. ஏழைக்கு உறைத்தது. தன் ஜனாதிபதியைச் சிறை வைத்த ஜெனரல்மேல் வந்திருக்க வேண்டிய கோபம், தன் விளக்கை அணைத்த அண்டை நாட்டின்மேல் போயிற்று. அதற்குமேல், பலாத்காரம் செய்வோமென்று சொன்ன சபைக்குப் பின்னால் பிரான்ஸ் நிற்கிறதென்ற சந்தேகமும் எங்கும் பரவியது. அந்தச் சந்தேகத்தைவிடச் சிறந்த சகாயம் ஒரு கலகக்காரனுக்குக் கிடைக்காது. துரோகி ஒரே வாரத்தில் தேசபக்தனாய்விட்டான்! ஜூலை 31-ந் தேதி மாலியும் புர்க்கினா பாஸோவும், நைஜர்மேல் படையெடுத்தால் அது தங்கள்மேல் தொடுத்த யுத்தமே என்று அறிக்கை விட்டன. அவ்விரண்டும் 2020-க்கும் 2022-க்கும் இடையே சிப்பாய் ஆட்சிக்குள் போன நாடுகள். நைஜீரியாவிலேயே செனட் சபை யுத்தத்துக்குச் சம்மதிக்கவில்லை. சம்மதிப்பதெப்படி? வட நைஜீரியாவின் ஹௌஸா ஜனங்களும் தென் நைஜரின் ஹௌஸா ஜனங்களும் ஒரே இனம், ஒரே பாஷை, பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். வெள்ளைக்காரர் கோடு கிழித்தபோது இவர்களைக் கேட்கவில்லை.

கெடு கழிந்தது, படை வரவில்லை. நிறைவேற்ற மனமில்லாத பயமுறுத்தலைப்போல ஒரு சபையின் மானத்தைக் கெடுப்பது வேறில்லை. செப்டம்பர் 16-ந் தேதி மாலி, புர்க்கினா பாஸோ, நைஜர் மூன்றும் சாஹேல் நாடுகளின் கூட்டணி என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. 2024 ஜனவரி 28-ந் தேதி எகோவாஸை விட்டு நீங்குவதாகச் சொல்லின. ஒரு வருஷம் சென்று 2025 ஜனவரியில் நீங்கியும் விட்டன. இடையே 2024 பிப்ரவரியில் எகோவாஸ் தன் பஹிஷ்காரத்தில் பெரும்பகுதியைத் தானே நீக்கிக்கொண்டதை யாரும் பொருட்படுத்தவில்லை. அரை நூற்றாண்டு சிரமப்பட்டுக் கட்டிய வீட்டில் மூன்று அறைகள் இடிந்து விழுந்தன. அறையை இடித்தவர்கள் சிப்பாய்கள். சுவரில் முதல் விரிசலைக் கண்டும் சும்மா இருந்தவர்கள், பதவிக்காலத்தைச் சட்டம் திருத்தி நீட்டிக்கொண்ட சில அண்டை நாட்டு ஜனாதிபதிகள். தங்கள் வீட்டில் வாக்குச்சீட்டை மதியாதவர் அடுத்த வீட்டில் அதற்காகப் பரிந்து பேசினால் யார் நம்புவார்?

அந்நியத் துருப்புகள் வெளியேறின. இதை மறைக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ஸ்தானிகர் 2023 செப்டம்பரிலும், சுமார் 1,500 பிரெஞ்சுச் சிப்பாய்கள் டிசம்பரிலும் போனார்கள். அமெரிக்கர் அகடெஸில் 10 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுக் கட்டிய விமானத் தளத்தை 2024-ல் ஒப்படைத்துச் சென்றார்கள். அதே வருஷம் ஏப்ரலில் ருஷ்யப் போதகாசிரியர்கள் ஆயுதங்களோடு வந்து இறங்கினார்கள்.

பணம் போட்டவர்களின் கதி ஒரே மாதிரியாக இல்லை. பிரெஞ்சு சர்க்காரே பெரும்பங்கு உடைய ஓரானோ கம்பெனிக்கு ஆர்லிட் சுரங்கத்தில் 63.4 சதவீதம் இருந்தது. எல்லை அடைபட்டதால் கொட்டோனு துறைமுகத்துக்குச் சரக்குப் போகவில்லை. ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட யுரேனியம் சுரங்க வாசலிலேயே தேங்கிற்று. 2024 ஜூனில் இமூராரென் என்ற பெரிய வயலின் உரிமையை நியாமே பறித்தது. 2009-ல் உரிமை பெற்ற கம்பெனி, உலக விலை விழுந்ததென்று வருஷக்கணக்காக அதைத் தோண்டாமல் போட்டு வைத்திருந்ததால், அந்தப் பறிப்பை அநியாயமென்று நாம் சொல்லமாட்டோம். 2025 ஜூன் 19-ந் தேதி ஆர்லிட் சுரங்கத்தையே தேசிய உடைமையாக்கியதாக அறிவித்தார்கள். ஓரானோ மத்தியஸ்த நீதிமன்றங்களுக்குப் போயிற்று.

சீனம் வேறு வழி பிடித்தது. கலகத்தைக் கண்டிக்கவுமில்லை, கொண்டாடவுமில்லை. குழாய் பதிப்பதை முடித்தது. அகடெம் எண்ணெய் வயலிலிருந்து பெனின் கடற்கரை வரை ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் அது. பிரெஞ்சுக்காரரைத் துரத்திக் கஜானா காலியாயிருந்த ஜெனரல்களுக்கு, 2024 ஏப்ரலில் சீன சர்க்கார் எண்ணெய்க் கம்பெனி 40 கோடி டாலர் முன்பணம் கொடுத்தது. 7 சதவீத வட்டி. எண்ணெயாகவே தீர்க்க வேண்டும். விளைச்சலுக்கு முன்னே பணம் வாங்கி, களத்திலேயே நெல்லை அளந்துவிடும் குடியானவனை நாம் அறிவோம். அடுத்த மாதமே பெனின், எல்லையை நைஜர் திறக்கவில்லையென்று எண்ணெயைக் கப்பலேற்ற விடாமல் தடுத்தது. கடலில்லாத நாடு அண்டை நாட்டுடன் சண்டையிட்டால் அதன் செல்வத்துக்கு வழி எங்கே? சீனத் தூதர்கள் இரு வீட்டாருக்கும் இடையே நடந்து சமாதானம் பேசவேண்டியதாயிற்று. 2025 மார்ச்சில் சீன எண்ணெய் அதிகாரிகள் மூவரையும் நியாமே வெளியேற்றியது. வெளிநாட்டாருக்கும் உள்நாட்டாருக்கும் கூலியில் இருந்த வித்தியாசம் அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆர்லிட்டில் கேட்ட அதே புகார்!

சுரங்கத்தைத் தேசத்தின் சொத்தாக்குவது தேசத்தின் உரிமை. அதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயமில்லை. தேசம் என்பது யார் என்ற கேள்விதான் நம்மைத் தடுக்கிறது. அரசியல் கட்சிகள் யாவும் கலைக்கப்பட்டன. 2025 மார்ச் 26-ந் தேதி தியானி ஐந்து வருஷத்துக்கு ஜனாதிபதியாகப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். ஒரு பிரஜையும் வாக்களிக்கவில்லை. இந்திய சர்க்கார் கட்டிக்கொடுத்து 2020-ல் திறந்துவைத்த மகாத்மா காந்தி மாநாட்டு மண்டபம் இருக்கும் நகரத்தில் இது நடந்தது. யுரேனியத்தை யாருக்கு, என்ன விலைக்கு விற்கிறீர்களென்று கேட்கும் சட்டசபை இல்லை. ஜனங்களின் உயிரைக் காப்பதற்கென்று ஆட்சியைப் பிடித்ததாகச் சொன்ன ராணுவம், பிரமாணத்துக்கு ஐந்து நாள் முன் ஃபம்பிட்டா கிராமத்து மசூதியில் தொழுதுகொண்டிருந்தவர்களில் 44 பேரைக் கொலைகாரரிடமிருந்து காக்க முடியவில்லை. பிரெஞ்சுக் கம்பெனியாவது தன் பங்குதாரருக்கு வருஷந்தோறும் கணக்குக் காட்டிற்று.

பஸூம் ராஜினாமாப் பத்திரத்தில் கையெழுத்திட மறுத்தார். கலகம் நடந்து இரண்டு வருஷம் சென்று 2025 ஜூலையிலும், அவரும் அவருடைய மனைவியும் காவலிலேயே இருந்தார்கள். அவ்வருஷம் நவம்பரில் ஆர்லிட்டிலிருந்து யுரேனியம் ஏற்றிய லாரிகள் தெற்கே புறப்பட்டன. தம் செல்வத்தைத் தமக்கு இஷ்டமானவருக்கு விற்க நைஜருக்குப் பூர்ண பாத்தியதை உண்டென்று ஜெனரல் சொன்னார். வாங்குகிறவர் பெயரையும் விலையையும் அவர் சொல்லவில்லை.