இருள் பிரியுமுன் புறப்படுவோர்க்கு ஒரு கைவிளக்கு

மார்கழித் திருவாதிரையன்று வைகறையில் திருக்குற்றாலம் சித்திர சபையில் நிகழும் ஆருத்ரா தரிசனத்தை என் அத்தான் நாற்பது ஆண்டுகளாகத் தவறவிட்டதில்லை. ஒரே ஓர் ஆண்டு தவறியது. அதற்குக் காரணமாக அமைந்தது, நான் ஆசையோடு வாங்கிக் கொடுத்த ஒரு டார்ச் விளக்கு.

அத்தானுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பண்பொழிக்கு அருகே மலையடிவாரத்தில், தென்னந்தோப்பை ஒட்டிய வீடு. முற்றத்தில் நின்றால் திருமலைக் குமரனின் குன்று தெரியும். வடகரை, மேக்கரை வட்டாரத்தைப் போலவே அங்கும் சில மாதங்களில் இரவில் யானைகள் இறங்கித் தென்னங்குருத்தைத் தேடி வரும். வீட்டிலிருந்து வேன் நிற்கும் சாலை வரை தோப்பின் ஊடே சிறிது தூரம் நடந்தாக வேண்டும்.

அன்று அதிகாலை மூன்றரை மணி. அத்தான் ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் பூக்குடலையுமாக முன்னே நடந்தார். டார்ச் என் கையில். அட்டைப்பெட்டியில் ‘ஒரு லட்சம் லூமென்’ என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்ததைக் கண்டு வாங்கியது அது. காலடியில் வெள்ளமாக ஒளி கொட்டியது. ஆனால் நாற்பது அடிக்கு அப்பால் ஒன்றும் புலப்படவில்லை. திடீரென மட்டை முறியும் ஓசை. அத்தான் நின்றார். “மாப்பிள்ளை, அங்கே நிற்பது பாறையா?” என்றார் மெல்லிய குரலில். அந்த இடத்தில் பாறை ஏதும் இல்லை என்பதை அவரும் அறிவார். பாறை அசைந்தது. அதே வேளையில் டார்ச்சின் ஒளியும் மங்கத் தொடங்கியது. முருகா என்று பின்வாங்கி வீடு வந்து சேர்ந்தோம். விடிந்து, தோப்பு வெறுமையானதும் புறப்பட்டபோது தரிசன வேளை கடந்திருந்தது. அத்தான் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பிறருடைய கணக்கைச் சரிபார்த்தவன், அட்டைப்பெட்டியின் கணக்கைச் சரிபார்க்காமல் விட்டேனே என்று வெட்கமாயிருந்தது. பழைய 60 வாட் குண்டு பல்பு தருவது ஏறக்குறைய 800 லூமென். அப்படியானால் ஒரு லட்சம் லூமென் என்பது நூற்று இருபத்தைந்து குண்டு பல்புகளின் ஒளி. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருவி அதைத் தருவதாகச் சொன்னால் நம்பலாமா?

லூமென் என்பது விளக்கிலிருந்து நாற்புறமும் வெளிப்படும் ஒளியின் மொத்த அளவு. அது எவ்வளவு தூரம் பாயும் என்பதை அந்த எண் சொல்லாது. தூரத்தைச் சொல்வது கேண்டெலா என்னும் அளவு. ஒரு திசையில் ஒளி எவ்வளவு குவிகிறது என்பதன் கணக்கு அது. மெழுகுவர்த்தி ஒன்றின் சுடர் ஏறத்தாழ ஒரு கேண்டெலா. நல்ல நிறுவனங்கள் பெட்டியின் மீது கேண்டெலாவையும், மீட்டரில் ஒளி பாயும் தூரத்தையும் அச்சிடுகின்றன. இந்தத் தூரத்தை வரையறுக்கும் முறை நம்மவர்க்கு மிகவும் பிடிக்கும். எந்த இடத்தில் விளக்கொளி பௌர்ணமி நிலவின் வெளிச்சத்துக்குச் சமமாகக் குறைகிறதோ, அதுவே அந்த விளக்கின் எல்லை. 300 மீட்டர் பாயும் என்றால், 300 மீட்டருக்கு அப்பால் உள்ள மரத்தின் மீது பௌர்ணமி நிலா காய்வது போல ஒளி விழும் என்று பொருள்.

இதைச் சரிபார்க்க வாய்ப்பாடு தெரிந்தால் போதும். தூரத்தைத் தூரத்தால் பெருக்கி 4ஆல் வகுத்தால் கேண்டெலா கிடைக்கும். 300 மீட்டருக்கு 22,500 வர வேண்டும். 150 மீட்டருக்கு 5,625. தூரத்தை இரட்டிப்பாக்க ஒளிச்செறிவு நான்கு மடங்காக வேண்டும் என்பதும் இதிலிருந்தே விளங்கும். பெட்டியில் உள்ள இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் அந்தப் பெட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிலவொளி அளவு இளைஞர்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். நமக்குப் போதாது. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, விழிலென்சு மஞ்சளிக்கிறது. அறுபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பர். யானையின் கருந்தோலோ வந்த ஒளியை விழுங்கிவிடும்; வெள்ளைப் பசு தெரியும் தொலைவில் யானை தெரியாது. ஆகவே பெட்டியில் போட்டுள்ள தூரத்தில் மூன்றில் ஒன்றையே நமக்கு உரியதாகக் கொள்கிறேன். 300 மீட்டர் என்றால் 100 மீட்டர். தென்காசி காசிவிசுவநாதர் ஆலயத்தின் இராஜகோபுரம் சுமார் 180 அடி உயரம், அதாவது ஏறக்குறைய 55 மீட்டர். அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தொலைவில் நிற்பதை அடையாளம் காண முடிந்தால், திரும்பி நடக்கப் போதிய அவகாசம் கிடைக்கும்.

ஒளி நெடுந்தூரம் பாய்வதற்கு, ஆழமான, வழவழப்பான பிரதிபலிப்புக் கிண்ணமும் அதன் நடுவே சிறிய எல்.இ.டி.யும் வேண்டும். கிண்ணம் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாக இருந்தால் ஒளி பரந்து விழும். அது வாசலுக்கும் கொல்லைக்கும் ஏற்றது. ஒரு காலத்தில் மூன்று கட்டை பேட்டரி போட்டு, கைத்தடி நீளத்துக்கு ஜீப் டார்ச் வைத்திருந்தோமே, அதன் பாய்ச்சலை இன்று ஒரு சாண் நீளம்கூட இல்லாத விளக்கு மிஞ்சிவிடுகிறது. திறன்மிக்க நீலநிற எல்.இ.டி.யை உருவாக்கிய, ஜப்பானில் பிறந்த அறிஞர்கள் மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளொளி டார்ச்சுகள் எல்லாம் அதன் வழிவந்தவையே.

முன்னும் பின்னும் இழுக்கும் லென்சு வைத்த டார்ச்சுகள் கடைத்தெருவில் நிறைய உண்டு. குற்றாலச் சாரலுக்கு அவை ஆகா. இழுக்கும் இடுக்கு வழியே ஈரம் புகுந்துவிடும். ஐ.பி.எக்ஸ்.7 என்ற குறி இருந்தால், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று பொருள். பேட்டரி பெரும்பாலும் 18650 என்ற வகை. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இந்த அளவுள்ள பேட்டரியின் கொள்திறன் நாலாயிரம் மில்லி ஆம்பியர் மணியைத் தாண்டுவதே அரிது. 9,900 என்று அச்சிட்டிருந்தால் அதுவும் அந்த ஒரு லட்சம் லூமென்னின் உடன்பிறப்பே. உச்ச ஒளியில் எந்தச் சிறிய டார்ச்சும் சில நிமிடங்களில் சூடேறித் தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். ஆகையால் நடக்கும்போது நடுத்தர ஒளி. தொலைவில் எதையேனும் பார்க்க மட்டும் உச்ச ஒளி.

பொத்தானையும் கவனியுங்கள். நடுங்கும் விரல்களுக்கு, ஒரே அழுத்தில் எரிந்து ஒரே அழுத்தில் அணையும் பொத்தானே நல்லது. நான் பார்த்த ஒன்றில் மும்முறை அழுத்தினால் ஒளி மின்னி மின்னிக் கண்ணைப் பறிக்கும். திருவிழாவுக்கு ஆகலாம், தோப்பில் ஆகாது.

சாரலிலும் பனியிலும் டார்ச்சைக் கண்ணருகே உயர்த்திப் பிடித்தால், துளிகளில் பட்ட ஒளி திரும்பி வந்து கண்முன் வெண்திரையாகி விடும். இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்தால் வழி தெளியும். சாலையில் எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணில் அடிக்கலாகாது. செங்கோட்டை, ஆரியங்காவு வழியே சபரிமலைக்கு நடக்கும் ஐயப்ப பக்தர்களுக்கும் இதையே சொல்வேன். யானை தென்பட்டால் உடனே ஒளியைத் தரைக்குத் தாழ்த்தி, ஓசையின்றித் திரும்புங்கள். ஒளியடித்து விரட்ட முயல்வது ஆபத்து. சித்திர சபைக்குள் டார்ச் எரிய வேண்டாம். ஆடல்வல்லான் அங்கே ஓவியமாகவே எழுந்தருளியிருக்கிறான். அந்த வண்ணங்களுக்கு நம் வன்மையான ஒளி பகை.

கையில் நல்ல விளக்கு இருக்கிறது என்ற தைரியத்தில் இரவில் தனித்த ஓடைகளிலும் அருவிகளிலும் இறங்குவதை நான் ஒப்பமாட்டேன். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் பட்டப்பகலிலேயே திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. மலைமேல் பெய்யும் மழையைக் காட்டும் டார்ச் எதுவும் இல்லை.

மறு ஆண்டுத் திருவாதிரைக்கு 300 மீட்டர் டார்ச் ஒன்றோடு போய்ச் சேர்ந்தேன். பெட்டியின் எண்களைக் காகிதத்தில் பெருக்கி வகுத்துப் பார்த்த பிறகே வாங்கியது. அத்தான் திண்ணையில் நின்றபடி தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாக ஒளியை ஓட்டினார். கடைசித் தென்னையின் அடிமரத்தில் அடித்திருந்த சுண்ணாம்புப் பட்டை வரை தெரிந்தது. “நட, மாப்பிள்ளை” என்றார். நான்கரைக்கெல்லாம் சித்திர சபை வாசலில் இருந்தோம்.

அந்த டார்ச் இப்போது அவர்கள் வீட்டுப் பூசை மாடத்தில், விபூதி மடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்ற ஆயுத பூசையில் அக்கா அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தாள்.