மூலமும் நகலும்

பரீட்சைப் பெறுபேறுகள் இணையத்தில் வெளியாகும் நாளில் ஆயிரக்கணக்கான மாணாக்கர் ஒரே வேளையில் ஒரே தளத்தை நாடுவர். பக்கம் திறவாது அவர் படும் தவிப்பை நாம் அறிவோம். இத்தகைய நெருக்கடியைத் தணித்தற்குக் கணினி வல்லுநர் கையாளும் முறையொன்றனை ஈண்டுச் சுருக்கமாக விளக்குவாம்.

இணையச் சேவைகள் பெரும்பாலும் மூன்று அடுக்குகளால் அமைவன. நாம் காணும் திரை முதலடுக்கு. நம் வேண்டுகோளை ஏற்று வினையாற்றும் செயலி நடுவடுக்கு. விவரங்களை நிலையாகப் பேணும் தரவுத்தளம் கடையடுக்கு. ஒவ்வொரு வினாவும் கடையடுக்குவரை செல்லுமாயின் தரவுத்தளம் சுமை தாங்காது தளரும். ஆதலின் ஒருமுறை பெற்ற விடையின் நகலை, நடுவடுக்கிற்கு எட்டும் விரைவு நினைவகத்தில் வைத்துக்கொள்வர். இதனைக் 'கேஷ்' என்பர். பலரும் வினவும் விவரத்தை ஒரு தாளிற் குறித்து மேசைமீது வைத்து, பேரேட்டைப் புரட்டாமலே விடை கூறும் எழுதுவினைஞரை இஃது ஒக்கும்.

2003ஆம் ஆண்டில் பிராட் பிற்ஸ்பற்றிக் என்பார் லைவ்ஜேர்ணல் என்னும் நாட்குறிப்புத் தளத்தின்பொருட்டு 'மெம்கேஷ்டி' என்னும் மென்பொருளை ஆக்கினார். பல கணினிகளிற் பயன்படாதிருந்த நினைவகத்தை ஒன்றுசேர்த்து ஒரு பொதுக் களஞ்சியமாக்கியதே அதன் சிறப்பு.

எனினும் நகலுக்கு ஒரு குறையுண்டு. மூலம் மாறியதை அது தானாக அறியாது. யாழ்ப்பாணம் செல்லும் புகையிரதத்தில் எஞ்சிய ஓர் இருக்கை விலைப்பட்ட பின்னும், பழைய நகல் 'இருக்கை உண்டு' எனக் கூறுமன்றோ? இதனைத் தவிர்த்தற்கு, நகலுக்கு ஆயுள் வரையறுப்பர். மூலத்தைத் திருத்துவோர் உடனே நகலை அழித்துவிடவும் விதிப்பர்.

இவ்விதியும் முற்றிலும் போதாது. நகல் இல்லாமை கண்டு ஒருவர் மூலத்தை வாசிக்கிறார். அவர் அதனைக் களஞ்சியத்தில் இடுமுன் மற்றொருவர் மூலத்தைத் திருத்தி நகலையும் அழிக்கிறார். பின்னர் முன்னவர் தாம் வாசித்த பழைய விடையை இடுகிறார். பிழை அங்கே தங்கிவிடுகின்றது.

பேஸ்புக் நிறுவனத்துப் பொறியியலாளர் 2013இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்குத் தீர்வு கூறினர். நகல் காணாதவருக்குக் களஞ்சியம் ஓர் அனுமதி இலக்கம் வழங்கும். இடையில் அழிப்பு நேர்ந்தால் அவ்விலக்கம் செல்லாதாகும். பிந்தி வந்த பழைய விடை ஏற்கப்படாது. ஒரு விவரத்துக்குப் பத்து விநாடிக்கு ஒருமுறையே இலக்கம் வழங்கப்படுதலின், ஏனையோர் தரவுத்தளத்தை மொய்த்தலும் ஒழிந்தது. அவர்கள் ஆராய்ந்த ஒரு தொகுதியில், விநாடிக்கு 17,000 வரை உயர்ந்த வினாக்கள் 1,300 ஆகக் குறைந்தன.

இவ்வாறாயினும், எதனை நகலாக வைக்கலாம் என்பதை எந்தக் கருவியும் தானே தீர்மானிக்கமாட்டாது. செய்தித் தலைப்பு ஒரு நிமிடம் பழையதாயின் கேடில்லை. வங்கி இருப்பும் இருக்கைப் பதிவும் அத்தகையன அல்ல. அங்கே இறுதிச் சொல் மூலத்தினுடையதாகவே இருத்தல்வேண்டும். இத்துறை பயிலும் நம் இளைஞர், விரைவை நாடுமுன், 'இவ்விடை பழையதாயின் யாருக்கு இழப்பு நேரும்?' எனத் தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக.