காபி ஏன் எனக்கு மட்டும் நாறுது?

இந்த எபிசோடை ஒரு பால் பாத்திரத்துலேருந்து ஆரம்பிக்கறேன்.

2021 மே மாசம் எனக்குக் கோவிட். அஞ்சு நாள்ல காய்ச்சல் போச்சு, கூடவே வாசனையும் போச்சு. ரெண்டு வாரம் கழிச்சு, அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு நெருப்பு அணைஞ்சிருக்கு. கேஸ் வந்துக்கிட்டே இருக்கு. நான் பக்கத்துலயே நின்னு போன் பார்த்துக்கிட்டு இருக்கேன்! அம்மாதான் ஓடி வந்து அடுப்பை மூடி, ஜன்னலைத் திறந்தாங்க. சமையல் கேஸுக்குச் சொந்தமா பெரிசா வாசனை கிடையாது. கசிஞ்சா தெரியணும்னுதான் மெர்காப்டன்னு ஒண்ணைக் கலக்கறாங்க. அந்த எச்சரிக்கை எனக்கு வந்து சேரவே இல்லை.

சாப்பாடும் அப்படித்தான். ரசத்துல புளிப்பு, உப்பு, காரம் எல்லாம் தெரியும். ஆனா அது ரசம்தானான்னு தெரியாது. ஏன்னா பெருங்காயமும் சீரகமும் நாக்குக்குத் தெரியாத விஷயம். விழுங்கும்போது தொண்டை வழியா மூக்குக்கு ஏறுற மணம் அது.

இந்த வைரஸ் பெரும்பாலும் தாக்கறது வாசனை நரம்புகளை இல்லை, அதுங்களைத் தாங்கி நிக்கற துணை செல்களை. அதனாலதான் நிறைய பேருக்குச் சில வாரத்துல சரியாகிடுது. சிலருக்கு மட்டும் நரம்பும் சேதமாகுது. அது திரும்ப வளரும், ஆனா மூளையில சரியான இடத்துல போய்ச் சேர மாசக்கணக்கா ஆகும்.

மூணாவது மாசம், ஃபில்டர் காபி கருகின ரப்பர் மாதிரி நாற ஆரம்பிச்சுது.

“அம்மா, டிகாஷன் கெட்டுப் போச்சா?”

“இல்லடி, அதே பொடிதான்.”

இதுக்குப் பேர் பரோஸ்மியா. இங்கிலாந்துல ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் பார்க்கர் குழு, காபியோட மணப்பொருள்களைத் தனித்தனியாப் பிரிச்சு இப்படிப்பட்டவங்களை முகரவெச்சாங்க. 2022-ல வெளியான அந்த ஆய்வுல அதிகம் மாட்டினது கந்தகம் உள்ள ஒரு மூலக்கூறு. மத்தவங்களுக்கு அதுதான் காபி மணமே! வெங்காயம், பூண்டு, வறுத்த கறி எல்லாம் பலருக்கு இதே தொல்லைதான். கொடுமையா இருந்தாலும், நரம்பு திரும்ப இணையறப்போ இது வர்றது சகஜம்னு டாக்டர் சொன்னப்போதான் எனக்கு மூச்சே வந்தது.

பயிற்சி ஒண்ணு இருக்கு. ஜெர்மனியில ட்ரெஸ்டன் நகரத்து தாமஸ் ஹும்மல் 2009-ல சோதிச்சது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். தினம் ரெண்டு வேளை, 12 வாரம். எல்லாருக்கும் பலிக்கலை, ஆனா செய்யாதவங்களைவிட செஞ்சவங்களுக்கு முன்னேற்றம் தெரிஞ்சுது. நான் பன்னீர், எலுமிச்சைத் தோல், கிராம்பு, நீலகிரித் தைலம் வெச்சுக்கிட்டேன். தைலம் முதல் நாளே சுரீர்னு ஏறினதும் துள்ளிக் குதிச்சேன். அது எரிச்சலை உணர்ற வேற நரம்பாம். நீங்களும் ஏமாந்துடாதீங்க.

ஏழாவது மாசம் கிராம்பு வந்தது, லேசா, ஒரு நொடி. காபி இன்னும் முழுசா வரலை. ஆற வெச்சுத்தான் குடிக்கறேன். அடுப்புல பால் வெச்சா இப்பவும் அங்கேயே நிக்கறேன், போனை ஹால்ல வெச்சுட்டு.